முகம் வரையாமல் உங்களை வரையுங்கள்: போன வருடத்துக்கு ஒரு தாள்

தை பிறந்து பத்து நாள் ஆனால் என் கடையில் டைரி விற்பது நின்றுவிடும். மார்கழிக் கடைசியில் அடுக்கி வைத்ததில் மிச்சம் கிடக்கும் நாலைந்தைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் ஆள் வராது. பங்குனியில் அதே ஆட்கள் வந்து சொல்வார்கள்: "நாலு பக்கம் எழுதுனேன்க்கா, அப்புறம் பால் கணக்கு எழுத வச்சுக்கிட்டேன்." பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவள் இதைச் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்க்க 365 பக்கம் வேண்டியதில்லை. ஒரு பெரிய தாளும் இரண்டு சாயங்காலமும் போதும்.

நான் சில வருடங்களாகப் பொங்கல் லீவில் இதைச் செய்து வருகிறேன். ஓவியம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு டிராயிங் பீரியட் முடிந்துபோனது. ஆகவே கீழே சொல்வதெல்லாம் வரையத் தெரியாத ஒருத்தி வரையத் தெரியாதவர்களுக்குச் சொல்வது.

முதலில், இது என்ன

தன்னைத்தானே வரைவது என்றதும் எல்லோரும் கண்ணாடியைத் தேடுகிறார்கள். கண்ணாடி வேண்டாம். மூக்கும் முழியும் நமக்கு வேலை இல்லை. போன வருடம் உங்கள் கையில் புழங்கிய பொருள்களில் சிலவற்றை எடுத்து ஒரு தாளில் இடம் பார்த்து வைக்கிறீர்கள். பார்க்கிறவருக்கு அது சாமான் படம். உங்களுக்கு அது நீங்கள்.

ஓவியர் வான்கோ தன் முகத்தை முப்பதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்தவர். அவரே 1888-இல் ஒரு வெறும் நாற்காலியை வரைந்தார். கோரை பின்னிய சாதாரண நாற்காலி. அதன் மேல் அவருடைய புகைக்குழாயும் புகையிலையும். அப்போது அவரோடு தங்கியிருந்த இன்னொரு ஓவியர் கோகனுக்கு இன்னொரு நாற்காலி. அது கைப்பிடி வைத்தது, மேலே மெழுகுவத்தியும் புத்தகமும். இரண்டிலும் ஆள் இல்லை. ஆனால் யாருடைய நாற்காலி எது என்பதில் குழப்பமே வராது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ வேறு வழியில் போனார். கணவரோடு மணமுறிவு ஆன 1939-இல் தன்னை இரண்டு பேராக வரைந்து, இருவரின் நெஞ்சையும் திறந்து காட்டி, ஒரே ரத்தக்குழாயால் இணைத்தார். அதுவும் ஒரு வருடத்தின் படம்தான்.

நம் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. ஊருக்கு வெளியே சுடலைமாடன் கோயிலுக்குப் போனால் பல இடங்களில் முகமே இருக்காது. செங்கல் வைத்துக் கட்டி வெள்ளையடித்த பீடம் ஒன்று நிற்கும். அந்தப் பீடத்தைப் பார்த்துத்தான் ராத்திரியில் பயந்து வேகமாக நடக்கிறோம். குற்றாலம் சித்திர சபையில் நடராசருக்குச் சிலை வேண்டியிருக்கவில்லை, சுவரில் தீட்டிய ஓவியமே சாமி. சாமிக்கே பீடமும் சுவரும் போதுமென்றால் நமக்கு ஒரு தாள் போதாதா?

பொறுக்குவது

சிறுவீட்டுப் பொங்கல் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டம் சுலபம். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ சொருகுவோம். வெயில் ஏறியதும் அந்த உருண்டையை எருவாகத் தட்டிக் காய வைத்துச் சேர்ப்போம். தையில் முற்றத்தில் மண்ணால் சின்னதாக வீடு கட்டி, அங்கே பொங்கல் வைத்து, சேர்த்ததையெல்லாம் கொண்டுபோய் ஆற்றில் விடுவோம். ஒரு நாளைக்கு ஒன்று என்று சேர்த்து, கடைசியில் மொத்தமாகப் பார்க்கிற பழக்கம் அது. நீங்களும் ஒரு வாரத்துக்குச் சேருங்கள். வரைய வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டில் பொருளின் பெயர் மட்டும் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள்.

எங்கே தேடுவது? போன் கேலரியில் போன ஜனவரியிலிருந்து மெதுவாக இறங்கி வாருங்கள். யாரோ அனுப்பிய குட் மார்னிங் படங்களுக்கு நடுவே நீங்களே எடுத்த மாத்திரை அட்டை, கரண்ட் பில், தெரு நாய்க்குட்டி கிடைக்கும். பணம் அனுப்பிய கணக்கைப் பாருங்கள். ஒரே மருந்துக்கடைக்குப் பதினேழு தடவை போயிருந்தால் அது ஒரு பொருள். சட்டைப் பை, ஹேண்ட்பேக்கின் அடி, ஃபிரிட்ஜ் மேல் தட்டு, பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிய சீட்டுகள். என் அனுபவத்தில் அந்த சாமி படத்துக்குப் பின்னால்தான் வருடம் ஒளிந்திருக்கிறது.

ஜனவரி, பிப்ரவரி என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. வேறு மாதிரிப் பிரியுங்கள். பிசான நெல் அறுத்த சமயம், கோடை வெயிலில் கோயில் கொடை நடந்த சமயம், ஆனித் தேர், சாரல், கார் நெல் அறுப்பு, குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா, அப்புறம் அடைமழை. "சாரல் விழுந்தப்ப நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டால் உடம்பே பதில் சொல்லும். குலசை என்றதும் இன்னொன்று: முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளியாக, ராஜாவாக, குறத்தியாக, குரங்காக வேடம் போட்டு வருகிறார்கள் இல்லையா? போன வருடம் நீங்கள் அதிகம் போட்ட வேடம் எது என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். என் 2024 சீட்டில் 'ஆஸ்பத்திரி பெஞ்சில் பை காக்கிறவள்' என்று இருந்தது.

ஒரு வாரத்தில் இருபது முப்பது சீட்டு சேர்ந்துவிடும். அதை ஏழாகக் குறைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் வழுக்குவது.

எதிர்த் தெரு ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி கடைக்கு வருவாள். நான் செய்வதைப் பார்த்து அவளும் ஒன்று வரைந்து கொண்டுவந்தாள். சங்கிலி உடைகிறது, கூண்டிலிருந்து பட்டாம்பூச்சி பறக்கிறது, பின்னால் சூரியன் உதிக்கிறது. அழகாகத்தான் இருந்தது.

"பட்டாம்பூச்சி எதுக்கும்மா?"

"சுதந்திரம்க்கா. நெட்ல போட்டிருந்தது."

"போன வருஷம் நீ பட்டாம்பூச்சியத் தொட்டியா?"

சிரித்தாள். அப்படியென்றால் தினம் எதைத் தொட்டாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஹாஸ்டல் வாளி என்றாள். நீல வாளி, பிடி உடைந்து துணி சுற்றியது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று ரூம் நம்பரை நெயில் பாலிஷில் எழுதி வைத்திருக்கிறாள். காலை ஐந்து மணிக்கே தண்ணீருக்கு வரிசையில் வாளியை வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுப்பாளாம். வரிசையில் அவளுக்குப் பதிலாக நிற்பது அந்த வாளி. இதை விட்டுவிட்டு எதற்குப் பட்டாம்பூச்சி?

ஆக, சீட்டுகளைக் கழிக்க ஒரே ஒரு விதி: போன வருடம் அதை உங்கள் கை தொட்டதா? தொடாததைத் தூக்கிப் போடுங்கள். உடைந்த சங்கிலி, ஏணி, கடிகாரம், இறகு, தாமரை எல்லாம் அதில் போய்விடும். உங்கள் வீட்டில் நிஜமாகவே தாமரை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் பிடிப்பது

பொருள்கள் அந்தரத்தில் மிதக்கக் கூடாது. அவை நிற்க ஒரு நிலம் வேண்டும். இதற்கு நம் பழைய திணை வகையை விட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மனநிலை: குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்த விஷயம் இப்படிப் பயன்படும் என்று நான் நினைத்ததில்லை.

நமக்கு இன்னொரு சௌகரியம், ஐந்தையும் பஸ்ஸில் போயே பார்த்துவிடலாம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. நீளம் 130 கிலோமீட்டருக்குள்தான். பாபநாசத்துக்கு மேலே மலை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்றால் வயல். மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக் காட்டுக்கும் குறைவில்லை. உவரி, இடிந்தகரை கடற்கரை. திசையன்விளைப் பக்கம் போனால் செக்கச் சிவந்த தேரி மணல்.

உங்கள் வருடம் எந்த நிலம்? வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்த வருடம் முல்லை. மகன் வெளிநாடு போன வருடம் பாலை. வீட்டில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமல், ஆனால் சாப்பாட்டை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போன வருடம் சந்தேகமில்லாமல் மருதம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்பார்கள். அப்படிப் பாதி வருடத்தில் நிலம் மாறியிருந்தால் தாளையும் பாதியாகப் பிரியுங்கள், தப்பில்லை.

தாளும் மண்ணும்

ஏ3 அளவு தாள் வாங்குங்கள், கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல். சார்ட் வேண்டாம், ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி வளையும். 2பி பென்சில் ஒன்று, ரப்பர், ஒரு தட்டை பிரஷ், ஒரு மெல்லிய பிரஷ். கலர் பெட்டி வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் மண்ணில்தான் தீட்டுகிறேன். காசு செலவில்லை என்பது ஒரு காரணம். நிலத்தை அந்த நிலத்தின் மண்ணாலேயே போடலாம் என்பது இன்னொன்று.

மூன்று மண் இருந்தால் போதும். ஆற்றோர வண்டல் காய்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பு. தேரி மண் செங்கல் சிவப்பு. கோவில்பட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கரிசல் ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டு கை மண்ணை ஒரு வாளியில் போட்டு இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். அறுபது எண்ணுங்கள். கல்லும் மணலும் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். நமக்கு வேண்டியது அந்தக் கலங்கல். தேரி மண்ணில் பெரும்பங்கு மணல் என்பதால் இதை இரண்டு மூன்று தடவை செய்தால்தான் கொஞ்சமாவது தேறும். ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் மேல் தண்ணீர் தெளிந்திருக்கும். ஆடாமல் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் இருக்கும் சேற்றைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தட்டில் காய வையுங்கள். காய்ந்ததைப் பொடித்தால் விரலில் பவுடர் மாதிரி இருக்க வேண்டும். நறநறவென்றால் மறுபடி கரையுங்கள்.

இரண்டு கரண்டிப் பொடிக்கு ஒரு கரண்டி ஃபெவிகால், ஒரு கரண்டி தண்ணீர். ஃபெவிகால் பிடிக்காதவர்கள் கருவேலம் பிசினை ராத்திரி ஊற வைத்து அந்தத் தண்ணீரில் குழைக்கலாம். ஓரத்தில் கொஞ்சம் தடவிக் காய வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டினால் பசை போதவில்லை. பளபளத்தால் பசை கூடிவிட்டது. கரிசலை மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். கோடையில் கரிசல் காடு எப்படிப் பாளம் பாளமாக வெடிக்குமோ, அதே குணம் தாளிலும் வரும். ஒரு தடவை எனக்கு அப்படி வெடித்தது. அந்த வருடத்துக்கு அது பொருத்தமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பளிச்சென்ற சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சள் தூளில் சுண்ணாம்பு சேர்த்த ஆரத்திக் கலர் இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்பு நிற்காது. நாளாக ஆக வெளுக்கும், மஞ்சளும் வெயில் பட்டால் மங்கும். எது மறைந்துபோனால் நல்லது என்று நினைக்கிறீர்களோ அதை ஆரத்திக் கலரில் போடுங்கள்.

எதை எங்கே வைப்பது

நேராகப் பெரிய தாளில் இறங்காதீர்கள். கைக்கு அகப்பட்ட காகிதத்தில் தீப்பெட்டி அளவுக்கு நாலு கட்டம் போட்டு, ஏழு பொருளையும் வெறும் வட்டமும் சதுரமுமாக நாலு விதமாக அடுக்கிப் பாருங்கள். நிஜ அளவை மறந்துவிடுங்கள். வருடம் முழுக்கக் கனத்தது எதுவோ அதுதான் பெரிசு. லோன் சீட்டு வீட்டை விடப் பெரிதாக இருக்கலாம். அப்புறம் எது எதைத் தொடுகிறது, எது தனியாக நிற்கிறது, எதற்குப் பின்னால் எது மறைகிறது என்று பாருங்கள். தாளில் கொஞ்சம் வெற்றிடமும் வேண்டும். எல்லா மூலையையும் நிரப்புவது கல்யாண ஆல்பக்காரர்கள் வேலை.

என்னுடைய ஒன்றைச் சொன்னால் புரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் வீடும் கடையும் அப்போது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் உள்ளே போனால் நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு. கொத்தனார் நூல் பிடித்துப் போட்டது போல அவ்வளவு நேர். எனக்கு நெஞ்சு வரை, அம்மாவுக்குத் தாடை வரை. கடையில் பேப்பர் பண்டல்கள் தண்ணீர் குடித்து ஊதி, இரும்பு ரேக்கையே நெட்டி வளைத்திருந்தன.

பொங்கலுக்கு வரைய உட்கார்ந்தபோது வேறு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நிலம் மருதம்தான், அதற்குள் ஆறு ஏறிவிட்டது. தாளின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஸ்கேல் வைத்து அந்தக் கோட்டைப் போட்டேன். கோட்டுக்குக் கீழே அம்மாவின் தையல் மெஷின், ஊதிய பண்டல், என் ஒரு கால் செருப்பு, கவிழ்ந்த பருப்பு டப்பா. எல்லாம் வீட்டுக்குள்ளிருந்து வாரிய சேற்றிலேயே தீட்டியது. கோட்டுக்கு மேலே சீலிங் ஃபேன் மட்டும். அன்று ராத்திரி ஸ்டூல் மேல் ஏறி, பத்திரமும் ரேஷன் கார்டும் வைத்த மஞ்சப் பையை ஃபேனில் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தோம். அந்தப் பையையும் வரைந்தேன். பைக் காதில் இருக்கும் முடிச்சு நான் போட்டது. அந்தப் படத்தில் நான் இருப்பது அந்த முடிச்சு அளவுக்குத்தான்.

கோடு போட வராதவர்களுக்கு

எங்கள் இப்போதைய தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறாள். எழுபதைத் தாண்டியவள். நான் தட்டில் மண் காய வைத்திருப்பதைப் பார்த்து வடகம் என்று நினைத்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையை உதறினாள்.

"ஏளா, எனக்கென்ன தெரியும் படம் போட? கோலம் போடச் சொன்னா போடுவேன்."

"படம் போட வேண்டாம் ஆச்சி. போன வருஷம் ஒங்க கையில தினம் இருந்தது என்னன்னு சொல்லுங்க, போதும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துத் தரையில் போட்டாள். அவள் வீட்டுச் சாவி ஒன்று. மிச்சம் ஐந்தும் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீடுகளின் சாவி. மகன் சென்னையில், மகள் பெங்களூரில் என்று ஒவ்வொருவராகக் கிளம்பும்போது ஆச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனது. வாரத்துக்கு ஒரு வீட்டைத் திறந்து, விளக்கேற்றி, குழாயைத் திறந்துவிட்டு, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுப் பூட்டுவாள். "இது வடக்கு வீடு. இது மெட்ராஸ்ல பேங்குல இருக்காம்லா, அவன் வீடு. இந்தப் பித்தளைச் சாவி நம்ம வாத்தியார் வீடு, இழுத்துப் பிடிச்சுத்தான் தொறக்கணும்."

சின்ன வயதில் ஒரு ரூபாய்க் காசை நோட்டுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்கள். அதே வேலைதான். சாவிக்கு மேல் மெல்லிய தாளை விரித்து, ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டி நகராமல் செய்து, பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்க்க வேண்டும். குத்தினால் தாள் கிழியும். மெல்லிய ஏ4 தாளில் தேய்த்து, பிறகு வெட்டிப் பெரிய தாளில் ஒட்டிக்கொள்வதுதான் நல்லது. 200 ஜிஎஸ்எம்மில் தடம் சரியாக விழாது. ஆச்சி நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறு சாவியையும் தேய்த்தாள். வாத்தியார் வீட்டுச் சாவியின் பல் தேய்ந்திருந்தது தாளில் அப்படியே வந்தது. தன் வீட்டுச் சாவியை எங்கே ஒட்டுவது என்று கேட்டேன். நடுவில் வைப்பாள் என்று நினைத்தேன். ஓரத்தில் வைத்தாள். "நாந்தான் வீட்டுலயே இருக்கேனே, எனக்கெதுக்குச் சாவி?"

சீப்பு, ரயில் டிக்கெட், செருப்பின் அடி, கிரைண்டர் மூடி, பத்தமடைப் பாயின் பின்னல் எல்லாமே இப்படித் தேய்த்தால் வரும். பாய்த் தடம் பின்னணிக்கு ரொம்ப அழகு. கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரையே நெய்து தருவார்கள் பத்தமடையில். அப்படி ஒரு பாய் வீட்டில் இருந்தால் பெயர் வரும் இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். பின்னல் நயமாக இருந்தால் எழுத்து தெரியாது, கோரை வரிதான் தெரியும். பெயர் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

உருவம் ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் தாளை ஒட்டி உங்கள் நிழலை இன்னொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. நிழல் வந்ததும் எல்லோரும் நிழலை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

சொல்லாமல் வைப்பது

கூட்டுக் குடும்பத்தில் தாளை விரித்தால் நாலு தலை எட்டிப் பார்க்கும். "இது என்ன? இது யாரு?" அதற்காகச் சொல்ல வேண்டியதை விட்டுவிடாதீர்கள். அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சொல்ல மாட்டார்கள். மீனைக் கவ்வும் நாரையைப் பாடுவார்கள், யாரைச் சொல்கிறார்கள் என்பது புரிய வேண்டியவர்களுக்குப் புரியும். உள்ளுறை என்று பெயர். உங்கள் தாளிலும் ஒன்று இரண்டு அப்படி இருக்கட்டும். ஒரு பொருளை வரைந்து அதன் மேலேயே நிலத்தைப் பூசி மூடலாம். ஓரத்தை மடித்து உள்ளே ஒன்றை வைக்கலாம். யாராவது கேட்டால் 'சும்மா டிசைன்' என்று சொல்லிவிடுங்கள்.

வருடம் ரொம்ப மோசமாக இருந்திருந்தால் அந்த மோசமான பொருளில் தொடங்காதீர்கள். சுற்றி இருப்பதை முதலில் வரையுங்கள், டீ டம்ளர், ஜன்னல், எதுவானாலும். கை நடுங்கினால் அன்றைக்கு மூடி வைத்துவிடலாம், தாள் ஓடிப்போகாது. நாள் கணக்கில் தூக்கம் வராமல், மனசு கீழேயே போய்க்கொண்டிருந்தால் படம் போட்டுச் சரி செய்ய நினைக்காமல் வீட்டில் ஒருவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

முடிந்த பிறகு

பின்பக்கம் தேதி, ஊர், தீட்டிய மண் எங்கிருந்து வந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். விளக்கம் எழுத வேண்டாம். அப்புறம் ஒரு வாரம் கண்ணில் படுகிற இடத்தில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். இருப்பதை விட இல்லாதது எது என்பதுதான் அந்த வாரத்தில் தெரியவரும்.

2024-க்கு நான் வரைந்ததில் ஆஸ்பத்திரி பெஞ்ச் இருந்தது, அம்மாவின் கண்ணாடி இருந்தது, புதுக் கடை ஷட்டர், லோன் சீட்டு எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் எங்க வீட்டுக்காரர் காபி டம்ளரோடு அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

தேடினேன். இல்லை. அந்த வருடம் முழுக்க என்னையும் அம்மாவையும் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டதே அவர்தான். சமாளிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. முடிந்த தாளில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே அடுத்த வருடத் தாளின் நட்டநடுவில் அவர் வண்டி ஸ்டாண்டின் தடத்தைத் தேய்த்து ஒட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, சைடு ஸ்டாண்டா மெயின் ஸ்டாண்டா என்று மட்டும் கேட்டார்.

பாதுகாக்க லேமினேஷன் போடாதீர்கள். லேமினேஷன் மெஷின் வைத்திருக்கும் நானே சொல்கிறேன். முதல் வருடம் கிரேயானில் வரைந்ததைப் பெருமையாக மெஷினுக்குள் விட்டேன். சூட்டில் மெழுகு உருகி எல்லாப் பொருளும் ஒன்றோடு ஒன்று ஓடிப்போனது. மண் தீட்டிய தாள் என்றால் பிளாஸ்டிக்கும் ஒட்டாது, குமிழி குமிழியாக நிற்கும். நன்றாகக் காய்ந்ததும் மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு அட்டைக்கு நடுவே பீரோவில் படுக்க வையுங்கள். கூட ஒரு துண்டு வசம்பு போட்டால் பூச்சி அண்டாது. சுருட்டாதீர்கள், சுருட்டினால் மண் உதிரும்.

ஆச்சி இதில் எதையும் கேட்கவில்லை. தாளைச் சோற்றுப் பருக்கை வைத்துச் சமையல்கட்டுக் கதவில் ஒட்டிவிட்டாள். ஓரமெல்லாம் இப்போது எண்ணெய்ப் பிசுக்கு. பொங்கலுக்கும் கொடைக்கும் சாவி வாங்க வருகிறவர்களை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறாள்.

"இதுல ஒஞ்சாவி எது, சொல்லு பாப்போம்."

மெட்ராஸ் பேங்க்காரர் போன பொங்கலுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாத்தியார் வீட்டுச் சாவியைக் காட்டினார்.